விருந்தாளி போன பிறகு

பழநி வட்டத்துக் கீரனூரில் ஒருவருக்குத் திடீரென்று கைகால் இழுத்துக்கொண்டால், முதல் வாரத்தில் நடப்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். 108 வரும். பழநியிலோ ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ சேர்ப்பார்கள். ஸ்கேன், ஊசி, குளுக்கோஸ், பிறகு மாத்திரைச் சீட்டோடு வீடு. நோயின் நீளமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அசைக்காத தோள் சில வாரங்களில் இறுகிப்போகிறது, பாதம் தொங்கிவிடுகிறது, புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாத முதுகில் படுக்கைப்புண் வருகிறது. இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுக்கத் தெரிந்தவரை அரசு ஏடுகள் இயன்முறை மருத்துவர் என்கின்றன, ஊர் மக்கள் பிசியோ என்கிறார்கள். அவர் செய்வதைப் பலரும் ‘கரண்டு வைப்பது’ என்றே புரிந்துவைத்திருக்கிறார்கள். கரண்டு வைப்பது அந்தத் தொழிலின் ஓர் ஓரம். அதன் நடுப்பகுதி கற்பித்தல். செயலிழந்த கைக்கும், அந்தக் கையை மறந்துவிட்ட மூளைக்கும், பக்கத்தில் நிற்கும் மனைவிக்கும் மகனுக்கும் மீண்டும் மீண்டும் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த வேலை. மற்ற மருத்துவத் துறைகளில் ஆசிரியர் என்பது மருத்துவரின் இன்னொரு வேடமாக இருக்கலாம். இங்கே சிகிச்சையே பாடமாக இருக்கிறது. ஆகவே இத்துறையில் ஆசிரியராக, தலைவராக, கடல் கடந்த சேவையில் மாணவர்களை வழிநடத்துபவராக அமையும் ஒரு வாழ்க்கைப்பணியை எடைபோட, பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை போதாது. அவர் யாருக்குக் கற்பித்தார், யாரிடம் கற்றார், அவர் போன பிறகு அந்த இடத்தில் கற்பிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும்.

தேவையின் அளவைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். 2019ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு, மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் உலகில் 241 கோடிப் பேர் என்றது. மூன்றில் ஒருவர். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையை அரசின் கடமைகளில் ஒன்றாக்கியது. வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர் என்பது அதன் அமைப்பு. இந்தியாவில் இது சிறிய காரியம் அல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 14 வட்டாரங்கள், 2011 கணக்கெடுப்பின்படி 21.6 லட்சம் மக்கள். சராசரியாக ஒருவர் ஒன்றரை லட்சம் பேருக்குப் பொறுப்பு. அவர் நாளுக்கு ஆறு வீடுகள் வீதம் மாதத்தில் 25 நாட்கள் சுற்றினால் 150 முறை வீடுகளுக்குப் போகலாம். பக்கவாதம் வந்தவரை வாரம் இரண்டு முறையாவது பார்க்கவேண்டும் என்று வைத்தால், மாதத்துக்கு இருபது நோயாளிகளைக்கூடத் தாண்டமுடியாது. அரசு மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் இருப்பவர்களைச் சேர்த்தாலும் வீட்டுக்குள் படுத்துவிட்டவரின் நிலை பெரிதாக மாறாது. ஒருவரே எல்லா வீட்டுக்கும் போவது நடக்காத காரியம் என்னும்போது, அந்த ஒருவரைப் பலராக்கும் வேலை கல்வியின் தலையில் விழுகிறது.

இந்த இடைவெளிக்குள்தான் சேவைவழிக் கற்றல் வருகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் இயன்முறை மருத்துவ மாணவர்கள், பேராசிரியர் ஒருவரின் தலைமையில் இரண்டு மூன்று வாரங்கள் ஓர் ஏழை நாட்டுக்கு வந்து, சேவை செய்தபடி கற்பது என்பது அதன் வடிவம். நல்ல மனத்தோடு வருகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்ல மனம் போதாது என்பதை 1968லேயே சிந்தனையாளர் இவான் இல்லிச் மெக்சிகோவில், அமெரிக்க இளம் தொண்டர்களின் கூட்டத்திலேயே முகத்துக்கு நேராகச் சொன்னார். ஊரைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். இயன்முறை மருத்துவத்தில் அந்தக் கண்டனத்துக்குக் கூடுதல் வலு உண்டு. கண்புரை அறுவைக்கு வரும் குழு ஒரு வாரத்தில் நூறு பேருக்குப் பார்வை தந்துவிட்டுப் போகலாம், அவர்கள் போன பிறகும் அந்தக் கண் பார்க்கும். வளைபாதத்தோடு பிறந்த குழந்தையின் கதை வேறு. பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றவேண்டும், அதற்கு ஐந்து முதல் ஏழு வாரம் பிடிக்கும். பெரும்பாலும் குதிகால் தசைநாணைச் சிறிதாக வெட்டிவிடவேண்டியிருக்கும். பிறகு முதல் மூன்று மாதம் இரவும் பகலும், அதன்பின் நான்கைந்து வயது வரை தூங்கும்போதெல்லாம் சிறப்புக் காலணி மாட்டவேண்டும். இரண்டு வாரத்துக்கு வந்தவர் இரண்டு கட்டுப் போடலாம். காலணியைக் குழந்தை உதறும்போது தாயைச் சலிப்படையவிடாமல் நான்கு வருடம் கூட இருப்பவர்தான் அந்தப் பாதத்தை நேராக்குகிறார்.

அப்படியானால் வெளிநாட்டிலிருந்து யாரும் வரவேண்டாம் என்று முடித்துவிடலாமா? தமிழ்நாட்டின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனோடு நடந்தபோது, மடங்கிப்போன ஒரு கையின் பிடியில் எதிர்பாராத வலு இருப்பதைக் கண்டார். தசைகள் எல்லாமே செத்துவிடவில்லை, சில மட்டுமே செயலிழக்கின்றன என்ற அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து, நல்ல தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தும் அறுவை பிறந்தது. ஆனால் அறுவை முடிந்ததும் கை வேலை செய்யாது. ஒரு வேலைக்குப் பழகிய தசையை இன்னொரு வேலைக்கு மூளை பழக்கவேண்டும், அதற்கு வாரக்கணக்கான பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியை வேலூரில் உருவாக்கியவர்களில் முன்னணியில் இருந்தவர் ரூத் தாமஸ் என்ற பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர். அறுவைக்கு முன் விறைத்த விரல்களை நெகிழ்த்துவது, பின் புதிய அசைவைக் கற்பிப்பது என்ற இரு முனை வேலை இல்லாமல் பிராண்டின் கத்திக்குப் பயன் இருந்திருக்காது. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு, பயிற்சி மையம், இந்த வேலையை நாடு முழுவதும் கொண்டுபோக இயன்முறைத் தொழில்நுட்பர்களைப் பயிற்றுவித்தது. என் பார்வையில் வேலூர் வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான். அறுவை நுட்பம் புத்தகங்களில் புகழ்பெற்றது. காரியத்தை நிலைக்கவைத்ததோ, அதைச் செய்யத் தெரிந்த உள்ளூர்க் கைகள் பெருகியதுதான்.

அந்த உறவு ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. நோயாளிகளுக்காக அமைத்த நவஜீவ நிலையத்தில் குணமான கைகள் தச்சு வேலை செய்தபோதுதான், விரல்கள் தேய்ந்து குறைவது நோய் தின்பதால் அல்ல, வலி தெரியாததால் என்பது தெளிவானது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கினாலும், செருப்பு ஆணி குத்தினாலும் தெரியாத உடம்பு தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தது நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை. பாதப்புண்ணுக்குக் கால் முழுவதும் ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டுப் போடும் முறையை 1930களில் இலங்கையில் மில்ராய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோயாளிகளுக்குக் கையாண்டார்கள். 1960களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில்லுக்குப் பணிமாறிப்போன பிராண்ட் அதை அங்கே பரப்பினார். இன்று உலகம் முழுவதும் சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணுக்கு அது முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று. மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பும் தொழுநோய்ப் பாதத்துக்காகப் பிறந்து, இப்போது நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகளின் கால்களில் நடக்கிறது. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டு திரும்பியதன் வரவு இது. ஏழை நாட்டுக்குப் போவது ‘கொடுப்பது’ என்று மட்டும் பாடத்திட்டத்தில் எழுதிவைத்திருக்கும் பல்கலைக்கழகம், தன் மாணவரின் பாதிக் கல்வியைத் தானே தொலைக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். வேலூர் மிஷன் காலத்து அமைப்பு, வந்தவர்கள் வருடக்கணக்கில் தங்கினார்கள், நிறுவனம் அவர்கள் கையில் இருந்தது, இன்றைய இரண்டு வாரப் பயணத்தோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தங்கிய காலம் முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமானது பொறுப்பு யார் கைக்கு மாறியது என்பது. மேரி வர்கீஸின் வாழ்க்கை அதற்குச் சான்று. வேலூரில் படித்த இளம் மருத்துவரான அவர் 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், பிறகு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அங்கே திறக்கப்பட்ட உள்நோயாளி மறுவாழ்வு மையம் இந்தியாவுக்கு முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. கடல் கடந்து கற்றவர் அவர். கற்றதை நடத்தும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. தண்டுவடம் அடிபட்டுப் படுத்திருக்கும் ஒருவருக்கு, சக்கர நாற்காலியில் வரும் துறைத்தலைவரைவிட வலுவான பாடம் எதுவும் இருந்திருக்கமுடியாது.

பாடம் எதுவாக இருக்கவேண்டும் என்பதும் இடத்தைப் பொறுத்தது. இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் வந்துபோகும் கல்வி அதிகம் தடுமாறுவது இங்கேதான். உலகெங்கும் பக்கவாத நோயாளியின் முன்னேற்றத்தை அளக்கப் பயன்படும் ‘பார்தெல்’ (Barthel) அளவுகோல் 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படியேறுவது என்று பத்து வேலைகளை அது கேட்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவது அதில் இல்லை. கீரனூரில் ஒரு மனிதர் தேறிவிட்டாரா என்பதை வீட்டார் எதை வைத்து முடிவுசெய்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். சம்மணமிட்டுச் சாப்பிடமுடிகிறதா, குந்திப் போகும் கழிப்பறைக்குத் துணையில்லாமல் போய்வருகிறாரா, பள்ளிவாசலில் மற்றவர்களோடு வரிசையில் நின்று சஜ்தாவுக்கு இறங்கி எழமுடிகிறதா, தைப்பூசத்துக்குப் பழநி மலையின் 693 படிகளை இல்லாவிட்டாலும் அடிவாரம் வரையாவது நடக்கமுடிகிறதா, களத்துமேட்டில் குனிந்து ஒரு வேலை பார்க்கமுடிகிறதா. அளவுகோலில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர், பந்தியில் மட்டும் தனி நாற்காலியில் உட்காரவேண்டியிருந்தால், அவர் மனத்தில் இன்னும் நோயாளிதான். 1968இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் வென்றதன் காரணமும் இதுவே. வெளிநாட்டுச் செயற்கைக் காலோடு குந்தமுடியாது, சம்மணமிடமுடியாது, செருப்பில்லாமல் சேற்றில் நடக்கமுடியாது. காலை இழந்தவர்கள் அதைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். பட்டம் பெற்ற மருத்துவரும் பட்டம் இல்லாத கைவினைஞரும் சேர்ந்து உட்கார்ந்தபோதுதான் நம் தரைக்கு ஏற்ற கால் கிடைத்தது. வெளிநாட்டு மாணவர் இங்கே வந்து கற்கவேண்டிய முதல் பாடம் இது. நம் கல்லூரிகளில் படிப்பவர்களும் இதை வெளிநாட்டுப் பாடநூலுக்கு அடிக்குறிப்பாக அல்லாமல், முதல் அத்தியாயமாகவே கற்கவேண்டும்.

இந்த இடத்தில் எளிதான தீர்வு ஒன்று முன்வைக்கப்படுவதுண்டு. நிபுணர்கள் குறைவு, குடும்பங்கள் பெரிது, ஆகவே குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதும் என்பது அது. கேட்க இனிமையாக இருக்கிறது, நம் குடும்பப் பெருமைக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் இந்தியாவிலேயே இது சோதிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் லான்செட்டில் வெளிவந்தது. ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே வாழவேண்டியவர்களின் விகிதம் இரு பக்கமும் 47 சதவீதம். வேறுபாடே இல்லை. இந்த முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக்கூடாது. குடும்பத்தார் கவனிப்பதால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்வதும் தவறு, ஏனென்றால் ஒப்பிடப்பட்ட மறுபக்கத்திலும் குடும்பங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. வழக்கமான கவனிப்பின்மேல் ஒரு பயிற்சித் தொகுப்பைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்பதே அது சொல்வது. குடும்பத்தின் கையைத் தொழில் தெரிந்த கைக்குப் பதிலாக வைக்கமுடியாது என்று நான் அதைப் படிக்கிறேன். மேலும், ‘குடும்பம்’ என்று சொல்லும்போது அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நூற்பாலைக்கோ நூறுநாள் வேலைக்கோ போகும் மருமகளின் நாளிலிருந்துதான் அந்த நேரம் எடுக்கப்படுகிறது. அவருடைய கூலி எந்த ஆய்வுக் கணக்கிலும் செலவாக எழுதப்படாவிட்டாலும் செலவுதான்.

குடும்பத்துக்கும் நிபுணருக்கும் நடுவே ஒரு படி தேவை. தென்காசி அருகே ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் அந்தப் படியைக் கட்டிக் காட்டியிருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981இல் அதைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளின் வீடுகளுக்கு உள்ளூரில் பயிற்சி பெற்ற சமுதாய மறுவாழ்வுப் பணியாளர் போகிறார். அவருக்குப் பின்னால் இயன்முறை, பேச்சு, செயல்முறை சிகிச்சை நிபுணர்கள் செயலி வழியாக ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் பார்த்து வழிகாட்டுகிறார்கள். கனடாவில் இருக்கும் ஆதரவாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அங்கே தலைமை ஆய்க்குடியில் இருக்கிறது, வெளிநாட்டார் அதற்குள் வந்து சேருகிறார்கள். திண்டுக்கல் சமவெளிக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், 1964இல் உருவான கிராமிய சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அவர்களுடைய பயிற்றுநர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறது. ஒட்டன்சத்திரத்தில் 1955இல் ஏ.கே. தாரியனும் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை கிராமத்திலேயே மருத்துவப் பணியாளர்களை வளர்த்தது. பயிற்றுநருக்குப் பயிற்சி என்பது இந்த மண்ணில் அறுபது எழுபது ஆண்டுப் பழக்கம். அதற்குள் இயன்முறை மருத்துவத்துக்கு ஒரு நாற்காலி போடவேண்டியதுதான் பாக்கி.

இன்னொரு மறுப்பு உண்டு, அது சங்கடமானது. நம்மிடம் பயிற்சி பெறுகிறவர்களே வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போய்விடுகிறார்களே, ஆசிரியர்களை உருவாக்கி என்ன பயன் என்று கேட்கிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1950களில் மும்பைப் போலியோ பரவலை ஒட்டி கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பள்ளி தொடங்கியதிலிருந்து எடுத்துக்கொண்டால், தேசிய அளவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வர 2021 ஆனது. பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடலாமா என்ற தகராறு 2025 செப்டம்பரிலும் ஓயவில்லை. மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் கூடாது என்று ஒரு நாள் கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. நான்கரை வருடம் படித்துவிட்டு ஒப்பந்தச் சம்பளத்தில் ஒன்றரை லட்சம் பேருக்குப் பொறுப்பேற்கும் ஒருவருக்கு, படியேறிப்போக ஒரு பதவி வரிசையோ, மேற்படிப்புக்கு விடுப்போ, கற்பிப்பவர் என்ற அடையாளமோ கண்ணில் தெரியாவிட்டால் விமான டிக்கெட்தான் தெரியும். ஆகவே ஆசிரியர்களை உருவாக்குவது ஆட்கள் போவதற்கு வழி செய்வது ஆகாது. ஊரிலேயே இருக்க ஒரு காரணம் கொடுப்பதாகும்.

எனவே இரண்டு வாரத்துக்கு மாணவர்களோடு இந்த மாவட்டத்துக்கு வர விரும்பும் பேராசிரியரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. முதல் மூன்று நாள் அவருடைய மாணவர்கள் யாருக்கும் சிகிச்சை செய்யாமல் வட்டார இயன்முறை மருத்துவரின் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்க்கட்டும். மொழிபெயர்ப்பாளராக அந்த உள்ளூர் மருத்துவரின் நேரத்தைத் தின்னாமல், அதற்கென்று ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். வரும் வருடமும் அதற்கடுத்த வருடமும் இதே ஊருக்கு வருவதாக எழுதிக்கொடுக்கட்டும். எத்தனை மாணவர் வருகிறார்களோ அதற்கு ஒரு விகிதம் வைத்து, இங்கிருந்து ஒருவர் அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் சில மாதம் தங்கிப் படிக்கவும், அங்குள்ள மாணவர்களுக்குத் தரையில் உட்கார்ந்து எழும் மனிதர்களைப் பற்றிப் பாடம் நடத்தவும் இடம் கொடுக்கட்டும். செலவு அதிகம், இத்தனை நிபந்தனை போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பார்கள். சிலர் வரமாட்டார்கள். பெர்த்தும் நியூயார்க்கும் மேரி வர்கீஸுக்கு இடம் கொடுத்ததுபோல், மாவட்டத்தின் 14 வட்டாரப் பணியாளர்களில் வருடத்துக்கு ஒருவருக்கு இடம் கொடுக்க ஒரே ஒரு பல்கலைக்கழகம் சம்மதித்தாலும், பத்து வருடத்தில் பத்துப் பேர் போய்வந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பாமல் இருந்துவிட்டாலும், தொப்பம்பட்டியிலோ பழநியிலோ வேடசந்தூரிலோ பணியாளர்களை எதிரில் உட்காரவைத்து, இறுகிய தோளை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஐந்து பேர் இருப்பார்கள்.